பாதத்திலிருந்து ஏறும் குளிர்

தில்லியில் நவம்பர் கடைசி வாரம் பிறந்துவிட்டால் எங்கள் லோதி காலனி குவார்ட்டர்ஸின் முன்னறை துணிக்கிடங்காகிவிடும். மாடி வீட்டு பஞ்சாபி அம்மாள், எதிர் பிளாக் மலையாளத்துக்காரர், மலை மந்திர் முருகன் கோயிலில் பார்த்துப் பழகிய மாமிகள் என்று ஆளாளுக்கு ஒரு மூட்டை கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள். "ஏழைக் குழந்தைகளுக்குக் குடுத்துடுங்கோ, புண்ணியமாப் போகும்." காபி வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள்.

மூட்டையைப் பிரித்தால் சஃபாரி சூட் வரும். சரிகை இற்றுப்போன பட்டுப்புடவை, தோளில் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு, யாரோ ஒருவரின் வலக்கைக்கு மட்டுமான கையுறை, ஒருமுறை அமெரிக்கா போய்வந்த ஞாபகமாக ஒரு பூதாகாரமான ஜாக்கெட் எல்லாம் வரும். ஆறு வயதுக் குழந்தை போடக்கூடிய ஸ்வெட்டர் மூட்டைக்கு ஒன்று தேறினால் அதிகம்.

இதில் கொடுப்பவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழந்தைகளின் கம்பளித்துணி எந்த வீட்டிலும் மிஞ்சாது. பெரியவனுடையது சின்னவனுக்கு, சின்னவனுடையது தங்கை மகனுக்கு, அங்கிருந்து வேலைக்காரம்மாவின் பேரனுக்கு என்று இறங்கி இறங்கி முழங்கையில் ஓட்டை விழும்வரை உழைத்துவிடும். பெரியவர்களின் உடுப்புதான் பீரோவில் தூங்குகிறது. ஆகவே தானமாக வருவதும் அதுதான்.

நாங்கள் நாலைந்து பெண்கள். சங்கம், அமைப்பு என்றெல்லாம் பெயர் கிடையாது. எங்களில் இருவர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தவர்கள் ஜங்புராவின் மதராஸி கேம்ப்பிலிருந்து வந்தார்கள். அந்தத் தொடர்பில் ஆரம்பித்தது. பாராபுல்லா நாலா என்ற கழிவுநீர்க் கால்வாயின் கரையை ஒட்டி, நம்மூர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாக வீடு கட்டி வாழ்ந்த இடம். ஆண்கள் கூலி வேலைக்கும் பெண்கள் ஜங்புரா, நிஜாமுதீன் வீடுகளுக்கும் போவார்கள். பிள்ளைகளில் பலர் லோதி எஸ்டேட்டில் இருக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்கும், மற்றவர்கள் அக்கம்பக்கத்து முனிசிபல் பிரைமரிகளுக்கும் போனார்கள். ஒற்றைச் செங்கல் சுவர், மேலே தகரம், பின்புறம் நாலா. தகரத்தில் இரவெல்லாம் பனி கோத்து, விடியும் நேரத்தில் உள்பக்கம் சொட்டும்.

தமிழ்நாட்டில் இருக்கும் என் உறவுக்காரர்களுக்குத் தில்லிக் குளிரைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அவர்கள் மார்கழிப் பனியை நினைத்துக்கொண்டு, "ஒரு சால்வை போத்திக்கிட்டாப் போச்சு" என்பார்கள். வெதர் ரிப்போர்ட்டில் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பார்த்து அலறுவார்கள். 2021 புத்தாண்டு அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி என்று செய்தி வந்ததும் ஊரிலிருந்து எத்தனை போன்! உண்மையில் எங்களை உலுக்கியது அதற்கு முந்தின வருடத்துக் குளிர். 2019 டிசம்பர் 30 அன்று பகலின் உச்சமே 9.4 டிகிரிதான். டிசம்பர் மாதத்தில் அப்படி ஒரு பகல் 1901இலிருந்து பதிவில் இல்லை என்றார்கள். இரவு எவ்வளவு இறங்கினாலும் மறுநாள் பத்து மணிக்கு வெயில் வந்துவிட்டால் ஏழை பிழைத்துக்கொள்வான். ரஜாய்ப் போர்வையை வெளியே போட்டு உதறலாம், பிள்ளையைக் கல்லில் உட்காரவைத்துக் கடுகெண்ணெய் தேய்க்கலாம், துவைத்ததைக் காயப்போடலாம். கங்கைச் சமவெளி முழுக்க மூடுபனி தாழ்வான மேகம்போல் படுத்துக்கொண்டு நாள்கணக்கில் வெயிலை மறைத்துவிட்டால், சுவர் குளிரும், தரை குளிரும், துணி காயாது. வானிலைத் துறை அதைக் 'கோல்ட் டே' என்று தனியாகவே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. ஒரே ஒரு யூனிஃபார்ம் வைத்திருக்கும் குழந்தைக்குக் கோல்ட் டே என்றால் ஈரச்சட்டை.

முதல்முறை ஒரு வகுப்புக்குள் போய் உட்கார்ந்து பார்த்ததில்தான் எனக்குப் பாதி விஷயம் விளங்கியது. இரண்டு ஷிஃப்ட் நடக்கும் பள்ளி. தில்லியில் அப்படிப்பட்ட பள்ளிகளில் காலையில் பெண் குழந்தைகள், மதியத்துக்கு மேல் ஆண் பிள்ளைகள். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் பெண்பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு திரும்பட்டும் என்று நினைத்திருக்கலாம். விளைவு, நாளிலேயே குளிரான நேரம் பெண் குழந்தைகளின் பங்குக்கு வந்துவிட்டது. எதிரே வரும் ரிக்‌ஷா தெரியாத பனியில், ஒருத்தி பையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு வருவார்கள்.

வகுப்பில் பெஞ்சு இல்லை. சணலில் நெய்த நீளப் பட்டை ஒன்றைத் தரையில் விரித்திருந்தார்கள், தாட்-பட்டி என்பார்கள். அடியில் சிமென்ட். எனக்கும் மரியாதைக்கு நாற்காலி போட்டார்கள்; நான் வேண்டுமென்றே கீழே உட்கார்ந்தேன். கால் மணியில் இடுப்புவரை சில்லிட்டது. குழந்தைகளைப் பார்த்தேன். அத்தனை பேரும் தங்கள் பாதங்களின் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். பாதம் தரையில் படாமல் இருக்க அது ஒரு வழி. டீச்சர் பேரைக் கூப்பிட்டதும் எழுந்தவள் மரத்துப்போன காலோடு நொண்டி நொண்டி வந்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களும் எழுந்தால் அப்படித்தான் நடப்பார்கள்.

என் பக்கத்தில் இருந்த ரெண்டாங்கிளாஸ்காரி ஷூவைக் கழற்றிக் காட்டினாள். சாக்ஸுக்கு மேல் மதர் டெய்ரி பால் கவரை மாட்டியிருந்தாள். நீல எழுத்து அப்படியே தெரிந்தது. வழியில் சேறு, ஷூவில் ஓட்டை. தண்ணீர் இறங்கினாலும் சாக்ஸ் நனையாது.

"யார்டி சொல்லிக்குடுத்தா?"

"எங்க அண்ணன், ஆன்ட்டி. அது அடுத்த ஷிஃப்ட். இதே ஷூதான் அதுக்கும்."

விழுப்புரத்துத் தமிழும் தில்லி 'ஆன்ட்டி'யும் ஒரே வாயில். பால் கவர் நல்ல உபாயம்தான், ஆனால் உள்ளே வேர்வை கட்டும். சாக்ஸை உருவினாள். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் வீங்கிச் செக்கச்செவேல் என்று இருந்தன. ஈரக்குளிரில் விரல்களுக்கு வரும் வீக்கம் அது. இரவில் அரிப்புத் தாங்காது. அம்மா நெருப்பு மூட்டிக் காலை அதன் பக்கத்தில் வைக்கச் சொல்வாளாம். அதைப்போலக் கெடுதல் வேறில்லை. மரத்த கால் திடீரென்று சூடானால் வீக்கம் ஏறும். மெதுவாகக் கதகதப்பு ஏற்றி, காய்ந்த சாக்ஸைப் போட்டு, சொறியாமல் விட்டால் தானே வடியும். இதைச் சொல்ல டாக்டர் வேண்டியதில்லை, இரண்டாவது ஜோடி சாக்ஸ் வேண்டும். அது அவளிடம் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் கணக்கு தலைகீழானது. ஸ்வெட்டர் ஒன்றுக்கு சாக்ஸ் மூன்று ஜோடி. ஒன்று காலில், ஒன்று கொடியில், ஒன்று பையில். நன்கொடை கேட்கப் போன இடத்தில் "சாக்ஸா? வெறும் சாக்ஸா?" என்று முகம் சுருங்கும். கம்பளி போர்த்திவிடுவதில் போட்டோவுக்கு ஒரு அழகு இருக்கிறது. சாக்ஸில் அது இல்லை. தமிழ்நாட்டில் மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரோடு ரெயின்கோட், பூட்ஸ், சாக்ஸ் எல்லாம் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் போட்ட அதிகாரி யாரோ, நிச்சயம் மழையில் நடந்து பள்ளிக்கூடம் போனவராக இருக்க வேண்டும். தில்லியில் யூனிஃபார்முக்கு வங்கிக் கணக்கில் பணம் போடுகிறார்கள். பணம் என்பது வீட்டுக்கு வந்தால் வீட்டின் பணம். மளிகைக்கடைப் பாக்கியும் மருந்துச் சீட்டும் முன்னால் நிற்கும்போது ஸ்வெட்டர் எத்தனையாவது வரிசையில் நிற்கும் என்று எந்தத் தாயையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்வெட்டரிலும் ஒரு சங்கதி உண்டு. ஒரு பள்ளியில் நேவி ப்ளூ தவிர வேறு நிறம் கூடாது. நல்ல மனது படைத்த யாரோ ஆரஞ்சும் பச்சையுமாகப் பூப்போட்ட ஸ்வெட்டர்களை அங்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் ஒன்றும் கண்ணில் படவில்லை. விற்றுவிட்டார்களோ என்று என்னோடு வந்தவர் முணுமுணுத்தார். ஒரு சிறுமியின் காலரைச் சற்று விலக்கினேன். ஆரஞ்சு எட்டிப் பார்த்தது. சட்டைக்கு அடியில் போட்டிருந்தாள். பிரேயரில் வரிசையிலிருந்து தனியாக நிறுத்துவார்கள் என்ற பயம் ஒருபக்கம். தர்மத்துக்கு வந்தது என்று நிறத்தை வைத்தே மற்றப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அவளுக்குப் பெரிது என்று எனக்குப் பட்டது. சட்டைக்கு அடியில் போட்டதால் ஒரு லாபமும் இருந்தது: உடம்புக்கும் சட்டைக்கும் நடுவே நிற்கிற காற்றுதான் சூட்டைக் காக்கிறது; ஒரு தடித்த துணியைவிட இரண்டு மெல்லிய அடுக்கு மேல்.

அதற்குப் பிறகு நேவி ப்ளூவாகவே தேட ஆரம்பித்தோம். புதிது வாங்க காந்தி நகர். யமுனைக்கு அக்கரையில் இருக்கும் மொத்த வியாபாரச் சந்தை. லூதியானாவிலிருந்து வரும் பின்னலாடைகள் மூட்டை மூட்டையாக இறங்கும். கம்பளிதான் உசத்தி என்று நம் மாமிகளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. அசல் கம்பளி குத்தும், துவைத்தால் சுருங்கும், காய நாலு நாள் ஆகும். கேஷ்மிலான் என்று பழைய ஆட்கள் சொல்லும் அக்ரிலிக் நூல்தான் இந்தப் பிள்ளைகளுக்கு லாயக்கு. அரை வெயிலில் காய்ந்துவிடும். நெருப்புப் பக்கம் போனால் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பது அதன் பாதகம். அதை ஒவ்வொரு தாயிடமும் சொல்லித்தான் கொடுப்போம்.

பழையது வேண்டுமென்றால் ரகுபீர் நகர் கோடா மண்டி. நான் தில்லியில் பார்த்த சந்தைகளில் அதற்கு நிகர் கிடையாது. குஜராத்திலிருந்து வந்த வாக்ரி சமூகத்துப் பெண்கள் தெருத்தெருவாகப் போய், எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்குவார்கள். நம்மூரிலும் பாத்திரக்காரி வருவாளே, அதேதான். வாங்கியதையெல்லாம் விடியுமுன் மண்டியில் கொட்டி விற்பார்கள். நாலு மணி இருட்டில், பல்பு வெளிச்சத்தில், செல்போன் டார்ச்சில் வியாபாரம். தலையில் முக்காடு போட்ட ஒரு கிழவி ஸ்வெட்டரைச் சோதித்த விதத்தை நான் மறக்க மாட்டேன். கைப்பட்டையை இழுத்து விட்டாள். திரும்பச் சுருங்கினால் நல்லது. அக்குளில் விரலை விட்டுப் பிரித்துப் பார்த்தாள். முகர்ந்தாள். பூச்சி உருண்டை வாடை அடித்தால் வீட்டில் ஜாக்கிரதையாக வைத்திருந்த துணி என்று அர்த்தமாம், இரண்டு ரூபாய் கூட. எங்கள் முன்னறை மூட்டைகளைப் பிரிக்க அன்று கற்றதுதான் இன்றுவரை கைகொடுக்கிறது.

பழந்துணி விஷயத்தில் தில்லியில் எல்லோருக்கும் குரு கூஞ்ச் அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தா. 1999இல் தன் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த 67 துணிகளோடு ஆரம்பித்தவர்; 2015இல் மகசேசே விருது கிடைத்தது. இதழியல் மாணவராக இருந்த நாட்களில் பழைய தில்லியில் அநாதைப் பிணங்களை வண்டியில் ஏற்றிப் போகும் ஒருவரைப் பார்த்து, அவர் பின்னாலேயே அலைந்தவர் அவர். குளிர் நாட்களில் அந்த வண்டிக்காரருக்கு வேலை மிஞ்சிப்போகும். குளிர் தாங்காத இரவில் பிணத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிடுவேன், அது திரும்பிப் படுத்து தொந்தரவு செய்யாது என்று அவருடைய சின்ன மகள் சொன்னதை குப்தா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஆளைக் கொல்வது குளிர் அல்ல, துணி இல்லாததுதான் என்பது அவருடைய வாதம். பூகம்பம், வெள்ளம் என்றால் ஓடிவருகிறோம், வருஷா வருஷம் தேதி சொல்லிக்கொண்டு வருகிற குளிரை யாரும் பேரிடராக நினைப்பதில்லை என்பார்.

கூஞ்சில் கந்தல் துணியைக்கூட வீணாக்காமல் பள்ளிக்கூட ஆசனம் தைப்பதைப் பார்த்துத்தான் எங்களுக்கும் யோசனை வந்தது. மூட்டையில் வரும் ஓட்டை ஸ்வெட்டர்கள், கோட்டின் தோள்பஞ்சு, பழைய ஜமுக்காளம் எல்லாவற்றையும் வெட்டி, அரிசிச் சாக்குக்குள் அடைத்து, கோணி ஊசியால் தைத்தோம். ஒரு முழம் சதுரம். அடியில் பாலித்தீன் ஷீட், சிமென்ட் ஈரம் ஏறாமலிருக்க. மடித்தாலும் பைக்குள் போகாது என்று ஒரு காதுபோலக் கைப்பிடி வைத்தார் எங்கள் கூட்டத்தில் தையல் தெரிந்த கேம்ப்புக்காரம்மா. அமெரிக்க ஜாக்கெட்டிலிருந்து மட்டும் எத்தனை ஆசனம் வந்தது தெரியுமா! கொடுத்தவர் பின்னொருநாள் வந்து, "அந்த ஜாக்கெட் யாருக்காவது சரியா இருந்துதா?" என்று கேட்டார். "ரொம்பப் பேருக்கு" என்றேன்.

நல்ல பெயர் கிடைத்தது ஸ்வெட்டரால். வேலை செய்தது இந்த ஆசனம். தரையில் ஆசனம் வந்த வகுப்பில் பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கை மடியிலிருந்து வெளியே வந்தது. எழுதினார்கள். டீச்சர் இதைத்தான் முதலில் கவனித்துச் சொன்னார்.

ரூம் ஹீட்டர் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்கள் உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். அந்த ஒயரிங் தாங்காது. இரும்புச் சட்டியில் கரி போட்டு அங்கீட்டி மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது அதைவிட ஆபத்து. கரிப்புகையின் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது; இந்தக் குளிரிலும் நாளைக்குப் பேப்பரில் ஒரு குடும்பத்தின் படம் வரும்.

எனக்கு இன்றைக்கும் தீராத ஒரு மனத்தாங்கல் ஜனவரி விடுமுறை பற்றியது. குளிருக்காக முதல் இரண்டு வாரம் பள்ளியை மூடுகிறார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு அது நியாயம்தான். ரஜாய்க்குள் படுத்து கஜக் என்ற எள்ளுமிட்டாயும் வேர்க்கடலையும் தின்பார்கள். கேம்ப்புப் பிள்ளைக்கு? அம்மா ஆறு மணிக்கே நாலு வீட்டு வேலைக்குக் கிளம்பியிருப்பாள். வீட்டுத் தகரத்தைவிடப் பள்ளிக்கூடக் கான்கிரீட் கூரை மேல். அதோடு மதியச் சாப்பாடும் நின்றுபோகும். வயிற்றில் ஒன்றும் இல்லாத உடம்பு எதை எரித்துச் சூடு உண்டாக்கும்? நேரத்தைப் பத்து மணிக்குத் தள்ளிவைத்து, சாப்பாட்டை விடாமல் போட்டால் போதும் என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். "குழந்தைகளை இந்தக் குளிரில் வரவழைக்கச் சொல்றீங்களா?" என்று என்னைக் கொடுமைக்காரியாகப் பார்ப்பார்கள். அந்த இரண்டு வாரமும் முறைபோட்டு, கேம்ப்பில் ஒருத்தி வீட்டு அடுப்பில் சேமியா உப்புமாவோ கிச்சடியோ கிண்டி இறக்குவோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டியதில்லை.

2025 ஜூன் 1ஆம் தேதி மதராஸி கேம்ப்பை இடித்தார்கள். நாலாவில் தண்ணீர் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்ற உத்தரவு. சுமார் 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்கு நரேலாவில் ஃபிளாட் கிடைக்கும் என்று முடிவானது. ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு சொன்னது. சிலர் பக்கத்திலேயே வாடகைக்கு ஒண்டிக்கொண்டார்கள். நரேலா என்பது தில்லியின் வடகோடி. ஜங்புராவிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்.

காது வைத்த ஆசனம் தைத்துக்கொடுத்த அம்மாவின் மகள் அங்கே போனவர்களில் ஒருத்தி. டிசம்பரில் போன் செய்தேன். வீடு எப்படி என்று கேட்டேன். சுவர் கெட்டியா இருக்குக்கா, மேலேர்ந்து சொட்டறதில்லை, பால்கனியில பதினோரு மணிக்கு வெயிலு வருது என்றாள். குரலில் நிம்மதி தெரிந்தது. நாலாக்கரையில் அவளுக்கு வெயில் என்பது தெருமுனைக்குப் போய் வாங்க வேண்டிய சரக்காக இருந்தது. வேலைதான் போய்விட்டது. நிஜாமுதீன் வீடுகளுக்கு ஏழு மணிக்குள் வந்து சேர முடியாது. பையனைப் பழைய பள்ளியிலேயே வருஷம் முடியும்வரை படிக்கவைக்க, ஜங்புராவில் மாமியார் இருக்கும் வாடகை அறையில் விட்டிருக்கிறாள்.

"ஸ்வெட்டர் அனுப்பட்டுமா?"

"ஸ்வெட்டர் இருக்குதுக்கா, நீ போன வருசம் குடுத்ததே இன்னும் நல்லா இருக்குது. கை மட்டும் கட்டை. அவனுக்கு சாக்ஸ் குடு, அஞ்சாம் நம்பரு ஷூக்குப் போடறது. அவன்கிட்ட குடுத்துடாத, தொலைச்சுப்புடுவான். எங்க அத்தைகிட்ட குடு. அப்புறம் ஒண்ணு கேக்கணும்க்கா, இங்க நரேலாவுல வீட்டு வேலைக்கு ஆள் தேடறவங்க யாரையாச்சும் உனக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. மலை மந்திர் மாமிகள் வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவே போட்டேன். ரோகிணியில் இருந்து ஒருத்தர் பதில் போட்டிருக்கிறார், நம்பரை அவளுக்கு அனுப்பிவைத்தேன்.